மாமி ஏறினால் நிற்கும் கார்

காரில் பிழையில்லை என்று நான் சொன்னதுதான் இந்தக் கதையில் நடந்த பெரிய பிழை. அதை இப்போதே ஒப்புக்கொண்டு விடுகிறேன். கடைசியில் வந்து யாரும் என்னைக் குத்திக் காட்டக் கூடாது.

காத்தான்குடி முடிந்து ஆரையம்பதி தொடங்குகிற இடத்தில், பிரதான வீதியோரம் என் கடை. 'உதயரூபன் வயரிங் வேர்க்ஸ்'. அந்த உதயரூபன் நான்தான். இருபத்திரண்டு வருடமாக வாகனங்களுக்குக் கரண்ட் பார்க்கிறேன். எந்த வண்டியில் எங்கே கரண்ட் களவு போகிறது என்று கண்டுபிடிக்காமல் நான் விட்டதில்லை. இப்படி நான் சொல்லும்போது என் மனைவி யசோதினி பக்கத்தில் இருந்தால், "நம்மட வீட்டு மணி ரெண்டு வருசமா அடிக்குதில்ல" என்பாள். நல்ல வேளை, இப்போது பக்கத்தில் இல்லை.

றிப்ஷான் காத்தான்குடிக்காரன். போன் கடை வைத்திருக்கிறான். அவனுடைய மாமனார் கச்சி முகம்மது ஓர் ஆமைக்கார் வைத்திருந்தார். அறுபத்தாறாம் ஆண்டு ஜேர்மன்காரன் செய்தது. எஞ்சின் பின்னால், டிக்கி முன்னால், பற்றரி பின்சீற்றுக்கு அடியில். யோசித்துத்தான் செய்தானா என்று கேட்பதற்கு ஆளில்லை. மாமனார் மௌத்தான பிறகு ஐந்து வருடம் அந்தக் கார் தகரக் கொட்டிலுக்குள் கிடந்து எலி வளர்த்தது. போன தை மாதம் றிப்ஷான் அதை என்னிடம் இழுத்துக்கொண்டு வந்தான். எலி தின்ற வயர் முழுவதையும் மாற்றி, புதுப் பற்றரி போட்டு, நான் அதை ஓட வைத்தேன். தேர் போல ஓடியது.

மாமி ஏறும்வரைக்கும் ஓடியது.

மாமி என்றால் றிப்ஷானின் மனைவி சப்னாவுடைய உம்மா, சித்தி நபீஸா. காத்தான்குடியில் வீடு பெண்பிள்ளைக்கு. மாப்பிள்ளைதான் ஒரு பெட்டியோடு வந்து குடியேற வேண்டும். அந்தக் காலத்து மாமிமார் மருமகனுக்கு முன்னால் வந்து நிற்க மாட்டார்கள், முகம் பார்த்துப் பேச மாட்டார்கள். இந்தக் காலத்துப் பெண்கள் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். சித்தி நபீஸா சிரிக்கிற ஆள் இல்லை. கல்யாணம் முடிந்து பதினொரு வருடம், ஒரே கூரை, ஒரே அடுப்பு. மருமகனிடம் நேரே ஒரு சொல் பேசியதில்லை. எல்லாம் திரைக்குப் பின்னால் நின்று, மகள் வழியாகத்தான். மகள் வீட்டில் இல்லாவிட்டால் பூனையைப் பார்த்து, "சோறு ஆறுது, வந்து தின்னச் சொல்லு" என்பாவாம். றிப்ஷானும் பூனையைப் பார்த்து "வாறன்" என்பானாம்.

அப்படிப்பட்டவ காரில் எங்கே இருப்பா? முன்சீற்றில் மருமகனுக்குப் பக்கத்தில் இருக்க முடியாது. பின்சீற்றில் இடதுபக்கம் இருந்தால் அவன் திரும்பும்போது முகம் தெரியும். ஆகவே ஓட்டுகிறவனின் முதுகுக்கு நேர் பின்னால், வலதுபக்க மூலை. முகம் பார்க்கும் கண்ணாடியையும் மேலே திருப்பிவிடச் சொல்வா. றிப்ஷான் பின்னால் வருகிற பஸ்ஸைப் பார்க்காமல், காரின் கூரையைப் பார்த்துக்கொண்டு ஓட்டுவான்.

முதல் தரம் கார் நின்றது கல்லடிப் பாலத்தில். விளக்கு, ஹோர்ன், எஞ்சின் எல்லாம் ஒரேயடியாகச் செத்துவிட்டன. மாமி இறங்கி ஓட்டோ பிடித்துப் போன பிறகு றிப்ஷான் சாவியைத் திருப்பினான். கார் உடனே ஸ்டார்ட் ஆனது. இரண்டாம் தரம் தேற்றாத்தீவில். அங்கேயும் மாமி இறங்கினா, ஓட்டோ பிடித்தா, கார் ஸ்டார்ட் ஆனது. அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. இந்த மடையன் மாமி போன ஓட்டோவை முந்திக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறான்.

"ஏன்டாப்பா முந்தினாய்?" என்று கேட்டேன்.

"மெதுவாப் போனா எஞ்சின் சூடாகும் எண்டு நீங்கதானே அண்ணே சொன்னீங்க."

மூன்றாம் தரம் ஏறாவூரில், சனம் நிறைந்த நேரத்தில், கடைத்தெரு நடுவே. அதற்குப் பிறகு மாமி சப்னாவிடம் சொன்னது இது: "எண்ட மனிசன்ட கார். ஊருக்கெல்லாம் ஓடுது. எனக்கு மட்டும் ஓடாதாம். சாவி ஆருட கையில இரிக்கி எண்டு யோசிச்சுப் பாரு."

அதாவது, மாமியை ஏற்றிக்கொண்டு போக விருப்பமில்லாத மருமகன் வேண்டுமென்றே சாவியைத் திருப்பிக் காரை நிறுத்துகிறான். கேட்கிற எவருக்கும் அது நியாயமாகத்தான் படும்.

கார் என்னிடம் வந்தது. இரண்டு கிழமை, பதினாலு நாளும் பார்த்தேன். இக்னிஷன் கொயிலை மாற்றினேன். சாவி சுவிட்சை மாற்றினேன். பியூஸ் பெட்டியைக் கழற்றிச் சுரண்டினேன். டைனமோவைப் பிரித்துக் காபன் போட்டேன். எஞ்சினுக்குப் போகிற வயர் ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தேன். மீற்றரை டாஷ்போர்ட்டில் கட்டித் தொங்கவிட்டு, தாழங்குடாவுக்கும் களுவாஞ்சிகுடிக்கும் ஓடித் திரிந்தேன். ஊசி அசையவில்லை. கரண்ட் அருவி மாதிரி வந்துகொண்டே இருந்தது. ஒன்பது தரம் ஓடியும் ஒரு தரம்கூட நிற்கவில்லை. எனக்கு ஆத்திரம். பிழை இருக்கிற வண்டியைத் திருத்தலாம். பிழையில்லாத வண்டியை யார் திருத்துவது?

காரைத் திருப்பிக் கொடுக்கப் போன அன்று மாமி என்னை விசாரித்தா. நானும் றிப்ஷானும் முன்விறாந்தையில் கதிரையில் இருக்கிறோம். வாசலில் பச்சைத் திரை. அதன் ஓரத்தில் சப்னா. திரைக்குப் பின்னால் மாமி.

"மகள், அந்தத் தம்பிக்கிட்ட கேளு, காருல என்ன பிழை எண்டு."

எனக்கு நன்றாகவே கேட்டது. இருந்தாலும் சப்னா சொல்லும்வரை காத்திருந்தேன். மரியாதை மரியாதைதானே.

"ஒரு பிழையும் இல்ல உம்மா" என்றேன்.

சப்னா அதை உள்ளே சொன்னாள்.

"நிக்கிற நேரம் தென்னந்தும்பு எரியிற மணம் ஒண்டு வந்த. அதையும் கேளு."

"ஆத்தோரத்துல நுளம்பு கடிக்குதெண்டு தேங்காய்ப் பொச்சு எரிப்பாங்க உம்மா. அந்த மணமாயிருக்கும்."

இங்கேதான் என்னை யாராவது செருப்பால் அடித்திருக்க வேண்டும். ஒருவரும் அடிக்கவில்லை.

"அப்ப காருல பிழை இல்லையெண்டா," திரை கேட்டது, "ஓட்டுற ஆளிலயா பிழை?"

றிப்ஷான் என்னைப் பார்த்தான். இரண்டு கிழமையாக அந்தக் காருக்கு அடியில் படுத்து என் முதுகு விட்டுப்போயிருந்தது. என் தொழிலுக்குக் குறை சொல்ல விட முடியாது என்கிற வீம்பு வேறு.

"அது எனக்குத் தெரியா. நான் கரண்டுதான் பாக்கிறனான். காருல பிழை இல்ல" என்றேன்.

திரை ஒரு தரம் ஆடி நின்றது. பிறகு மாமி தீர்ப்புச் சொன்னா. வருகிற சனிக்கிழமை ஓட்டமாவடியில் தங்கச்சியின் மகள் புதுவீடு குடிபோகிறாள். மாமி இந்தக் காரில்தான் போவா. வழியில் கார் நின்றால், றிப்ஷான் தன்னுடைய பெட்டியை எடுத்துக்கொண்டு தன் உம்மா வீட்டுக்குப் போய்விடலாம். "புள்ளைகளையும் உன்னையும் பாக்க எனக்குத் தெரியும், மகள்."

வெளியே வந்ததும் றிப்ஷான் காருக்கு அருகில் நின்று அதன் முன்தகட்டை விரலால் துடைத்தான். அந்தக் கார் ஓடினால் மாமி சந்தோஷப்படுவா என்று நினைத்துத்தான் அவன் அதைத் திருத்த எடுத்தான். இது எனக்கு முதலே தெரியும். தெரிந்துகொண்டும் அப்படிச் சொல்லிவிட்டு வந்தேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து கடைக்கு வந்தான்.

"அண்ணே, வேற ஒண்டும் செய்ய ஏலாதா?"

"நான் ஓட்டினாலும் ஓடுது, நீ ஓட்டினாலும் ஓடுது. வித்தியாசம் என்ன சொல்லு."

"மாமிதான் வித்தியாசம்."

"அப்ப மாமியைக் கொண்டு வா. இருத்தி வெச்சுப் பாப்பம்."

"உங்களுக்குப் பைத்தியமா? பிற ஆம்பிளைக்கு முன்னால மாமி வந்து இரிப்பாவா?"

"வராட்டி, அவவுட பாரத்தையாவது கொண்டு வா." வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அதில் ஏதோ இருப்பதுபோலத் தெரிந்தது. நான் ஐம்பத்திரண்டு கிலோ. றிப்ஷானும் நெத்தலிதான். அவனுடைய பிள்ளைகள் இரண்டும் சின்னதுகள். சப்னா எப்போதும் முன்னால் இருப்பவள். பாரம் ஏறும்போது எங்கோ ஒரு வயர் இறுகி அறுபடலாம். "மாமி எத்தினை கிலோ?"

றிப்ஷான் சுற்றுமுற்றும் பார்த்தான். "அதை எப்பிடி அண்ணே கேக்கிற?"

மகளும் கேட்கத் துணியவில்லை. ஆனால் மாமிக்குச் சீனி வருத்தம். ஆசுபத்திரிக் கிளினிக்கில் மாதா மாதம் நிறுத்துக் கொப்பியில் எழுதுவார்கள். அந்தக் கொப்பியைச் சப்னா திருடித் தருவதாகத் தீர்மானம் ஆனது.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு றிப்ஷான் காரோடு வந்தான். பின்சீற்றில் ஐம்பது கிலோ அரிசி மூட்டை ஒன்று, இருபத்தைந்து கிலோ மூட்டை ஒன்று. கையில் கிளினிக் கொப்பி. முன்சீற்றில் ஒரு நீலப் பெட்டி.

"இதென்ன பெட்டி?"

"எண்ட உடுப்பு. அவ எடுத்து வெளியில வெக்கிறதுக்கு முன்னம் நானே எடுத்திட்டன். டிக்கிக்குள்ள போகல்ல, இதுல வெச்சன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நான் பெட்டியைப் பார்க்காமல் கொப்பியைப் பிரித்தேன். தொண்ணூற்றொரு கிலோ. சோக்கட்டியால் கடைத் தரையில் கணக்குப் போட்டேன். ஐம்பதும் இருபத்தைந்தும் எழுபத்தைந்து. இன்னும் பதினாறு வேண்டும். பக்கத்துக் கடையில் உரித்த தேங்காய் பதினாறு கிலோ நிறுத்து வாங்கி, உரப்பையில் கட்டி மூட்டைக்கு மேல் வைத்தோம். வலதுபக்க மூலையில், மாமியின் இடத்தில், அரிசியும் தேங்காயும் கம்பீரமாக உட்கார்ந்திருந்தன.

எஞ்சினை இயக்கி மீற்றரைப் பார்த்தேன். ஊசி அசையவில்லை. தாழங்குடா வரைக்கும் ஓடிப் பார்த்தோம். பள்ளங்களாகப் பார்த்து இறக்கி ஓட்டினேன். ஒன்றுமில்லை. திரும்பி வந்து கடை வாசலில், எஞ்சின் ஓடியபடியே நிறுத்தினேன். எட்டரை மணி. ஒன்பதுக்கு மாமி புறப்பட வேண்டும்.

"சரி அண்ணே," என்றான் றிப்ஷான். "நீங்க உங்களால ஏலுமானதைச் செய்தீங்க."

அப்போது ஓர் ஓட்டோ வந்து நின்றது. இரண்டு பக்கமும் மழைப் படங்கு இழுத்து மூடியிருந்தது. மழை இல்லை. சப்னா இறங்கினாள், முகம் செத்துப்போயிருந்தது. படங்குக்கு உள்ளேயிருந்து குரல் வந்தது.

"மகள், கேளு. எண்ட அரிசி மூட்டை ரெண்டு, எண்ட கிளினிக் கொப்பி, எண்ட கார், எண்ட மருமகன். விடிய எழும்பிப் பாத்தா நாலையும் காணல்ல. இது என்ன சேட்டை எண்டு கேளு."

சப்னா கேட்கவில்லை. நான் அவசரமாகத் தரையில் இருந்த கணக்கைக் காலால் அழிக்கப் போனேன். படங்கு ஓரமாக இரண்டு விரல் அகலம் விலகியது. கார் தெரிந்திருக்கும். காருக்குள் தன்னுடைய இடத்தில் இருந்த அரிசி தெரிந்திருக்கும். தரையில் கொட்டை எழுத்தில் தொண்ணூற்றொன்று தெரிந்திருக்கும்.

"மகள்," என்றது படங்கு, "அது போன மாசக் கணக்கு. நோன்புப் பெருநாளும் போயிட்டு. இப்ப தொண்ணூத்தி மூண்டு எண்டு சொல்லு."

அரிசியைப் பார்த்து ஆத்திரப்படாமல் கணக்கைத் திருத்துகிற மனுஷியை நான் அன்றுதான் பார்த்தேன். இரண்டு கிலோ கூட்ட வேண்டும். மூன்று தேங்காய் எடுத்தேன். ஒன்று வைத்தேன். இரண்டாவது வைத்தேன். மூன்றாவதை வைத்துக் கையை எடுக்கவில்லை, சீற்றுக்கு அடியில் 'சடார்' என்று ஒரு சத்தம். எஞ்சின் இருமிச் செத்தது. மீற்றர் ஊசி கீழே விழுந்தது. தென்னந்தும்பு எரிகிற மணம் வந்தது.

"இதுதான்! இந்த மணம்தான்!" என்று ஓட்டோவுக்குள்ளிருந்து சத்தம். மகள் வழியாகச் சொல்ல மறந்துவிட்டா.

நானும் றிப்ஷானும் மூட்டைகளை இழுத்துப் போட்டோம். பாரம் இறங்கியதும் ஊசி ஒன்றும் நடக்காததுபோல எழும்பி நின்றது. பற்றரி நான் போட்ட புதியதுதானே என்று இதுவரை தூக்கிப் பார்க்காத பின்சீற்றைத் தூக்கினேன். சீற்றின் அடித்துணி கிழிந்து, சுருள்கம்பிகள் வெளியே தொங்கின. ஒரு கம்பியைச் சுற்றி, சீற்றுக்குள் அடைத்திருந்த தென்னந்தும்பு கருகிக் கிடந்தது. அதற்கு நேர் கீழே பற்றரியின் தலை. அதில் நெருப்பு கடித்த பள்ளங்கள். பாரமான ஆள் இருந்தால் சீற்றுக் கம்பி போய்ப் பற்றரியைத் தொடும், கரண்ட் முழுவதும் கம்பி வழியாகக் காரின் இரும்பு உடம்புக்குள் இறங்கும், வண்டி செத்துப்போகும். ஆள் எழும்பினால் உயிர் வரும். மருமகன் ஒன்றும் செய்யவில்லை. இன்னும் நாலு தரம் இருந்திருந்தால் மாமி நெருப்பில்தான் இருந்திருப்பா.

பாரம் கூடிப்போச்சு என்று சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். அது பொய்யும் இல்லை. ஆனால் பற்றரியின் வயிற்றில், எல்லாருக்கும் தெரிகிற மாதிரி, மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது: உதயரூபன் வயரிங் வேர்க்ஸ். தை மாதத் திகதியும் என் கையெழுத்தும். முன்சீற்றில் அந்த நீலப் பெட்டி இருந்தது. இவன் பெட்டி கட்டியது என் வாயால்.

"உம்மா," என்றேன். சப்னாவைப் பார்க்கவில்லை, படங்கைப் பார்த்தே சொன்னேன். "இந்தக் காருக்கு உயரம் குறைஞ்ச, பதிஞ்ச பற்றரிதான் போட வேணும். அது கிடைக்கல்ல எண்டு நான்தான் வேனுக்குப் போடுற பற்றரியப் போட்டன். அது ரெண்டு விரல் உயரம் கூட. பிழை என்னில. உங்கட மருமகன்ல ஒரு பிழையும் இல்ல."

"அதுக்கு மேல ஒரு மூடி இரிந்த," என்றது படங்கு. "கறுப்பு. எங்கட மனிசன் பூட்டுற நேரம் பாத்திரிக்கன். அது எங்க?"

இதைக் கேட்காமல் விடுவா என்று நம்பியிருந்தேன். கடைக்குள் போனேன். மேசையில் ஏழு மாதமாக என்னுடைய நட்டுகளும் போல்ட்டுகளும் கிடக்கிற கறுப்புத் தட்டை எடுத்து, எல்லாவற்றையும் தரையில் கொட்டிவிட்டுக் கொண்டுவந்து காட்டினேன்.

"மூட ஏலாமப் போன... அதால எடுத்து வெச்சன், உம்மா."

படங்கின் ஓரம் விலகி, தட்டைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

"மகள், இந்தத் தம்பிக்கிட்ட சொல்லு. வாயில நல்லா வருது. புதுவீட்டுக்குப் போற நாள் எண்டு விடுறன்."

சப்னா சொல்லவில்லை, சொல்லவும் தேவையில்லை. நான் பழைய டயர் ரியூப்பை இரட்டையாக வெட்டிப் பற்றரிக்கு மேல் போட்டு, மூடியை அதன்மேல் வைத்துக் கட்டி, சீற்றைப் பூட்டினேன். "இனித் தொடாது உம்மா. ஓட்டமாவடி இல்ல, கதிரவெளி வரைக்கும் போகலாம்" என்றேன்.

படங்கு விலகியது. சித்தி நபீஸா இறங்கினா. உயரமான மனுஷி, மூக்குக்கண்ணாடி, கையில் புதுவீட்டுக்கான சட்டி ஒன்று. றிப்ஷான் பழக்கத்தில் சடாரென்று முகத்தை வேலிப்பக்கம் திருப்பிக்கொண்டான். மாமி பின்னுக்கு ஏறுவா என்று சப்னா முன்சீற்றை மடிக்கப் போனாள். மாமி அவளைக் கையால் விலக்கினா.

"பின்னுக்கு நீ இரி. நெருப்புக்கு மேல நான் இரிக்க மாட்டன்."

கதவைத் தானே அகலத் திறந்தா. கச்சி முகம்மது உயிரோடு இருந்தபோது அவருக்குப் பக்கத்தில் மாமி இருந்த சீற் அதுதான் என்று சப்னா பிறகு என்னிடம் சொன்னாள். இப்போது அதில் நீலப் பெட்டி இருந்தது. மாமி பெட்டியைப் பார்த்தா. அதன் பூட்டில் றிப்ஷானின் பெயர் எழுதிய துண்டு தொங்கியது. அதையும் வாசித்தா. பிறகு வேலியைப் பார்த்து நின்றவனின் முதுகைப் பார்த்தா.

"மருமகன்."

பதினொரு வருடத்தில் முதல் சொல். றிப்ஷான் சப்னாவைப் பார்த்தான். அவள் வாயைத் திறக்கவில்லை. வேறு வழியில்லாமல் மாமியின் பக்கம் திரும்பினான்.

"இந்தப் பெட்டிய எடுங்க. நான் இரிக்கணும்."

"ஓம் மாமி" என்றான். பெட்டியை எடுத்தான், எங்கே வைப்பதென்று தெரியாமல் நெஞ்சோடு பிடித்தபடி நின்றான், கடைசியில் என் கையில் தந்தான். சட்டியை மடியில் வைத்துக்கொண்டு மாமி முன்சீற்றில் இருந்தா. முகம் பார்க்கும் கண்ணாடியைத் தானே கையால் கீழே இறக்கி, சரியான இடத்தில் விட்டா.

கார் ஒரே திருப்பலில் ஸ்டார்ட் ஆனது. கடை வாசல் தாண்டுவதற்குள்ளேயே குரல் கேட்கத் தொடங்கியது. "மெதுவா, மருமகன். பள்ளம் இரிக்கி. பஸ் வருது. கண்ணாடியப் பாக்கல்லையா?" இதுவரை சப்னா வழியாக, பாதி குறைந்து வந்ததெல்லாம் இனி முழுதாக வரும். பாவம் பொடியன்.

"றிப்ஷான், பெட்டி!" என்று கத்தினேன்.

ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினான். அவன் சொல்வதற்கு முன் மாமி சொன்னா.

"அது அங்க கிடக்கட்டும்."